கண்டெடுத்த நாய் யாருக்குச் சொந்தம்?

இந்த வருடம் நம் சங்கத்தின் பொங்கல் விருந்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், நொய்டாவிலிருந்து வந்திருந்த ஒரு அன்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டு வாசலில் பத்து நாட்களாக ஒரு லாப்ரடார் நாய் தங்கியிருக்கிறதாம். எலும்பும் தோலுமாக வந்தது. இப்போது உரிமையாளர் என்று ஒருவர் தொலைபேசியில் அழைக்கிறார். "சார், அந்தக் கிராதகனிடம் திருப்பிக் கொடுத்தால் பாவமில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஈரக் கையோடு இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "எழுதித் தருகிறேன்" என்று சொல்லி நழுவிவிட்டேன். பக்கத்தில் நின்ற நம் பத்திரிகை ஆசிரியர் அதைக் காதில் வாங்கிக்கொண்டுவிட்டார். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

நான் வக்கீலும் இல்லை, கால்நடை மருத்துவனும் இல்லை. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலில் இரண்டு முறை வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் முறை நான் செய்தது தவறு. இரண்டாம் முறை செய்தது சரியா என்று என் மனைவியிடம் கேட்டால் இன்றும் உதட்டைப் பிதுக்குவாள்.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. தில்லியில் பட்டாசுக்குத் தடை இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தடையின் லட்சணம் தெரியும். இரவு இரண்டு மணி வரை சரவெடி. மறுநாள் காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். மாடிப்படிக்கு அடியில், ஸ்கூட்டர்களுக்குப் பின்னால், ஒரு பாமரேனியன் ஒடுங்கிக் கிடந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ரோமம் சாம்பல் நிறத்தில் சடை பிடித்திருந்தது. கழுத்தில் சிவப்பு நைலான் பட்டை, அதில் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்த சங்கிலி. மாநகராட்சி வில்லை எதுவும் இல்லை. என் மனைவி தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றது. (வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் நாய்க்கு ஆகாது. ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் வீடுகளில் இது பலருக்குத் தெரிவதில்லை.) மாலைக்குள் அதற்கு 'மணி' என்று பெயர் வந்துவிட்டது. நம்மவர்கள் நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மணியின் கழுத்தைப் பார்த்ததும் என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். பட்டைக்கு அடியில் ரோமமே இல்லை. தோல் கறுத்துத் தடித்திருந்தது. "என்னங்க, இதைக் கட்டிப் போட்டே சாகடிச்சிருக்காங்க. யார் வந்தாலும் கொடுக்கப் போறதில்லை" என்றாள். நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்கு உள்ளூர வேறு ஒரு நாயின் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் ஓர் இளம் பெண்மணி. குளிப்பாட்டாமல் கொண்டுவந்ததற்கு முதலில் என்னைப் பாராட்டினார். (உண்மையில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்.) கண்டெடுத்த நாயைக் குளிப்பாட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், மருத்துவரிடம் தேதி போட்டு எழுதி வாங்க வேண்டும் என்றார். பின்னால் உரிமையாளர் மீது புகார் சொல்வதானாலும் சரி, நாம்தான் நாயைக் கெடுத்தோம் என்று அவர் சொன்னாலும் சரி, அந்த ஒரு காகிதம் பேசும். தோளெலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்துத் தடவிப் பார்த்தார். அரிசி மணி அளவில் ஒரு சில்லு சில நாய்களின் தோலுக்கடியில் இருக்குமாம். இருந்தால் பதினைந்து இலக்க எண் தெரியும், அதைக் கொண்டு உரிமையாளரைத் தேடலாம். மணியிடம் இல்லை. காதையும் பார்த்தார். ஒரு காதில் சிறு வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் கருத்தடை செய்து தெருவிலேயே திரும்ப விடப்பட்ட நாய். அதை 'மீட்டு' வீட்டுக்குக் கொண்டுபோவது அதற்கு நன்மை அல்ல, அதன் தெருவிலிருந்து பிரிப்பது.

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். அழுக்கு, மெலிவு, பயம் இந்த மூன்றையும் பார்த்துத்தான் நாம் 'கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள்' என்று முடிவு கட்டுகிறோம். ஆனால் இந்த மூன்றும் தொலைந்துபோன எந்த நாய்க்கும் வரும். ராஜபோகமாக வளர்ந்த நாய்கூடப் பத்து நாள் தெருவில் அலைந்தால் விலா எலும்பு தெரியும். உண்ணியால் வரும் காய்ச்சல், குடல் புழு, சர்க்கரை நோய், வயதான நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு, இவையெல்லாம் நன்றாகத் தீனி போடும் வீட்டிலும் நாயை இளைக்க வைக்கும். கையை ஓங்கினால் பதுங்குகிறதா? அடிபடாமலே பயந்த சுபாவத்தோடு இருக்கும் நாய்கள் ஏராளம். உண்ணியோ, ஒரு ராத்திரி புல்லில் படுத்தால் போதும்.

"அப்படியானால் எதைப் பார்ப்பது?" என்றேன்.

நகத்தைப் பார்க்கச் சொன்னார். நடக்கும் நாய்க்கு நகம் தரையில் தேயும். உள்ளங்கால் மெத்தையைத் தொடும் அளவுக்கு வளைந்து வளர மாதக்கணக்கில் ஆகும். கழுத்தைப் பார்க்கச் சொன்னார்: பட்டை புதிதாக அறுத்த புண்ணா, அல்லது ஆறித் தடித்து மறுபடி அறுத்த பழைய காய்ப்பா? பெரிய நாய்களுக்கு முழங்கையில் காய்ப்பு எந்த வீட்டிலும் வரலாம். மணியைப் போன்ற சிறிய நாய்க்கு வந்தால், வெறும் சிமெண்டுத் தரையில் நெடுநாள் கிடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். விலா எலும்பு சில வாரங்களின் கதையைச் சொல்லும், நகம் பல மாதங்களின் கதையைச் சொல்லும் என்பது அவர் கணக்கு.

மணிக்கு நகம் வளைந்திருந்தது. கழுத்தில் பழைய காய்ப்பு. ஆனால் எடை சரியாக இருந்தது! விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. இருக்க வேண்டிய விதம் அதுதான். ஆக, யாரோ ஒழுங்காகச் சோறு போட்டிருக்கிறார்கள், ஒழுங்காகக் கட்டியும் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பழைய நாய். 1998இல் நாங்கள் ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மழைக்காலத்தில் ஒரு செம்பழுப்பு நிற நாய் வந்து சேர்ந்தது. தோல் பட்டை போட்டிருந்தது. விலா எண்ணலாம் போல் இருந்தது. "இப்படிப் பட்டினி போட்டவனைத் தேடிப் போய்க் கொடுப்பதா?" என்று நானே சட்டம் பேசினேன். எட்டு வயது மகளுக்குக் கொண்டாட்டம். ஒரு சுவரொட்டி ஒட்டவில்லை, ஒருவரிடம் விசாரிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அடுத்த செக்டாரில் பால் பூத்தின் பின்பக்கச் சுவரில், மழையில் வெளுத்த ஒரு காகிதம் பார்த்தேன். அதே நாயின் படம். கீழே இருந்த முகவரிக்குப் போனேன். அந்த வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மாதத்தில், பார்த்துக்கொள்ள வந்த உறவினர் கதவைத் திறந்து போட்டிருக்கிறார். நாய் அவரைத் தேடி ஓடிவிட்டது. மூன்று வாரம் தெருவில் அலைந்துதான் எங்களிடம் வந்திருக்கிறது. நான் போனபோது அந்த அம்மாள் உயிரோடு இல்லை. அவருடைய கணவர் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. "அவள் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்று மட்டும் சொன்னார். நாய் எங்களிடமே பத்து வருடம் இருந்து செத்தது. அதை நான் ஒரு நாளும் முழு மனதோடு தடவிக்கொடுத்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். உணர்ச்சிக்கு இடமில்லாமல், சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு பொருள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி, பொருளைக் கண்டெடுத்துத் தன் காவலில் எடுத்துக்கொள்பவருக்கு, பொருளை நம்பி ஒப்படைக்கப்பட்டவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. எடுக்காமல் போயிருந்தால் ஒன்றுமில்லை. எடுத்துவிட்டால் நம் சொந்தப் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ளவும், உரியவரிடம் சேர்க்கவும் கடமைப்படுகிறோம். உரிமையாளர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், நியாயமான முயற்சி செய்யாமல் நமதாக்கிக்கொண்டால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவு. ஆக 1998இல் நான் செய்தது என் மனசாட்சிக்கு மட்டும் விரோதமானதல்ல.

கண்டெடுத்தவருக்கு ஒரு சிறு சலுகையும் உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி, பராமரிப்புச் செலவுக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் செலவைத் தரும் வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திவைக்கலாம். இந்த விஷயம் எனக்குப் பின்னால் கைகொடுத்தது.

மறுபக்கம், உரிமையாளர் மோசமானவர் என்றால்? அதற்கு 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதற்கு வித்து. 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. சென்னையில் இருந்த அந்த வாரியத் தலைமையகம் 2018இல் அரியானாவில் பல்லப்கருக்கு, அதாவது நம் பக்கத்துக்கே, வந்துவிட்டது. சட்டத்தின் 11ஆம் பிரிவு போதுமான உணவு, நீர், இருப்பிடம் தராமல் இருப்பதையும், நியாயமற்ற நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பதையும் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டிப்போட்ட நாயை நடமாட விடாமல் இருப்பதை, நாய் என்று பெயர் சொல்லியே, குற்றமாக வைத்திருக்கிறது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து தண்டனையைப் பார்த்ததும் சாய்ந்துவிட்டேன். முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்! 1960இல் எழுதிய தொகை. 2022இல் மத்திய அரசு திருத்த வரைவு வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. மேலும், நீர் வைக்காதது, கட்டிப்போட்டது போன்ற குற்றங்களில் போலீஸார் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். நாயை உரிமையாளரிடமிருந்து பறிக்கும் அதிகாரம் 29ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அதுவும் அவர் குற்றவாளி என்று தீர்மானமாகி, திரும்பக் கொடுத்தால் மீண்டும் கொடுமைக்கு ஆளாகும் என்று சாட்சியத்தால் காட்டினால்தான். என் மனைவிக்கோ, எனக்கோ, நொய்டா அன்பருக்கோ அந்த அதிகாரம் இல்லை.

2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கில் கொடுத்த தீர்ப்பு நம்மவர்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 2017இன் போராட்டமும் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டமும், அதை 2023இல் அரசியல் சாசன அமர்வு ஏற்றதும் அதற்குப் பின் நடந்தவை. அந்த 2014 தீர்ப்பில் பசி தாகம், பயம், உடல் அசௌகரியம், வலி நோய் இவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை என்று விலங்குகளுக்கு ஐந்து விடுதலைகள் சொல்லப்பட்டன. ஒரு வீட்டைப் பார்த்து முடிவு செய்வதற்கு இது நல்ல அளவுகோல். மணிக்கு முதலாவது இருந்தது, ஐந்தாவது இல்லை.

சுவரொட்டி ஒட்டினோம். இந்தியிலும் ஆங்கிலத்திலும். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். மருத்துவர் சொன்ன தந்திரம்: ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஜாதி நாய் என்றால் உரிமை கொண்டாட நாலு பேர் வருவார்கள். மணியின் இடது பின்காலில் ஒரு நகம் மட்டும் கறுப்பு. அதை நாங்கள் சொல்லவில்லை.

எட்டாம் நாள் ஒருவர் வந்தார். அடுத்த பிளாக்கில் இரண்டாம் மாடி. மின்சார சாமான் கடை வைத்திருக்கிறார். கேட்பதற்கு முன்பே கறுப்பு நகத்தைச் சொன்னார். தடுப்பூசிப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். கடைசி ஊசி 2020இல். பெயர் ப்ரூனோவாம். உள்ளறையிலிருந்து மணி அவர் குரலைக் கேட்டது. அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஊளையிட்டது, சுழன்றது, தரையை நனைத்தது, அவர் கால் செருப்பைக் கடித்து இழுத்தது. எட்டு நாள் தயிர் சாதம் போட்ட கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இதை வைத்து 'பாருங்கள், எவ்வளவு பாசம்' என்று முடிவு செய்துவிடக் கூடாது. வேலெறிந்தவனைப் பார்த்தும், வேல் உடம்பில் இருக்கும்போதே வாலாட்டும் என்று நாயைப் பற்றி நாலடியார் சொல்கிறது. அங்கே அது நாய்க்குப் பெருமை. நமக்கு அது எச்சரிக்கை: நாயின் சந்தோஷம் உரிமைக்கு அத்தாட்சி ஆகலாம், நல்ல பராமரிப்புக்கு ஆகாது.

"நாளைக்கு நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். மறுநாள் நாய் இல்லாமல் நான் மட்டும் போனேன். பால்கனியைப் பார்த்தேன். மூன்றடிச் சங்கிலியின் மிச்சம் கம்பியில் தொங்கியது. தகரக் கூரை. நசுங்கிய அலுமினியக் கிண்ணம், தண்ணீர் காய்ந்து வட்டமாக வெள்ளைக் கறை. ஆறு வருடத்துக்கு முன் மகள் ஆசைப்பட்டு வாங்கியது. அவள் படிக்கப் புனே போய்விட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி இறங்க முடியாது. இவர் காலை ஒன்பதுக்குப் போனால் இரவு பத்துக்கு வருகிறார். வேலைக்காரப் பெண் இரண்டு வேளை ரொட்டி போடுகிறாள். பால்கனிக்கு வலை இல்லை, விழுந்துவிடும் என்று கட்டினார்கள். அப்படியே இரண்டு வருடம்.

தெரியாமல் செய்கிறவர், முடியாமல் செய்கிறவர், அக்கறையே இல்லாமல் செய்கிறவர் என்று பராமரிக்காதவர்களில் மூன்று வகை உண்டு என்று எனக்குப் பட்டது. இவர் முதல் இரண்டின் கலவை. தேடிக்கொண்டு வந்தாரே! மூன்றாம் வகையினர் வரமாட்டார்கள். அப்படிப்பட்டவர் வந்தால், புழு வைத்த புண்ணோடோ, அடித்த தழும்போடோ நாய் கிடைத்திருந்தால், மருத்துவர் காகிதத்தோடு காவல் நிலையத்துக்கோ பிராணி வதைத் தடுப்புச் சங்கத்துக்கோ எழுதிக் கொடுத்து, நீதிமன்றத்தின் கையில் விட்டுவிடுவதுதான் முறை. ஒளித்து வைப்பது அல்ல. காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தில்லிக் காப்பகங்களை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். பால்கனியே தேவலை என்று தோன்றும் நெரிசல்.

அவரிடம் நேராகவே கேட்டேன்: "வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களுக்குத் தருகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்களேன்." இதைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். நிம்மதியாகச் சம்மதிப்பவர்கள் உண்டு. சண்டையில்லாமல் விஷயம் முடிய இதைவிட நல்ல வழி இல்லை. அவர் மனைவி தலையாட்டத் தயாராக இருந்தார். இவர் மகளுக்கு வீடியோவில் அழைத்தார். அந்தப் பெண் அழுதாள். கடிதம் வரவில்லை.

வைத்தியச் செலவு 2,840 ரூபாய். எடுத்து நீட்டினார். 168ஆம் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு, "பணம் வேண்டாம், அதற்குப் பால்கனிக்கு வலை அடியுங்கள். வலை அடித்த அன்று நாய் வரும்" என்றேன். நான்காம் நாள் அடித்துவிட்டார். ஊசி போட்டார். மாநகராட்சியில் பதிவும் செய்தார். காலை ஆறரைக்கு நானே வந்து நடத்திக் கூட்டிப்போகிறேன் என்று ஏற்பாடு.

இரண்டு நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை.

குளிர்காலம் முழுவதும் நன்றாகத்தான் போயிற்று. 2024 மே மாதம் தில்லி கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் தற்செயலாகப் பகல் பதினொரு மணிக்கு அந்த வழியே போனேன். அண்ணாந்து பார்த்தால் வலைக்குப் பின்னால் நாய், கழுத்தில் சங்கிலி, நாக்கு தொங்குகிறது. மேலே ஏறிப் போய்க் கத்திவிட்டேன். வீட்டில் விருந்தாளியாம், நாய் அவர்கள் மேல் பாய்கிறதாம். அன்று முதல் கூலர் ஓடும் அறையில் அதற்கு இடம் கிடைத்தது. மறுபடி கட்டுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. நகம் வெட்டுவது நான்தான், வளையவில்லை. கழுத்தில் ரோமம் பாதி முளைத்திருக்கிறது. கையெழுத்தில்லாத அந்தக் கடிதத்தின் நகல் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. "அதை ஒருநாள் எடுத்துக்கொண்டு போவீங்க, அப்ப காலம் கடந்திருக்கும்" என்கிறாள் என் மனைவி.

நொய்டா அன்பருக்கு: லாப்ரடாரின் நகத்தையும் கழுத்தையும் பார்த்து, ஒரு மருத்துவரிடம் காண்பித்துத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் நாய் படுக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.